காதிலிருந்து காது வரை ஒரு வரிசை முடி

என் அருமைத் தம்பி எலியாசிபுக்கு,

எரிகோவிலிருந்து உன் அக்காள் அபித்தாள் எழுதுவது. உனக்கும், உன் மனைவிக்கும், மழைக்கு முன்பே வலித்துச் சேதி சொல்லும் உன் முடக்காலுக்கும் சமாதானம் உண்டாகட்டும். நான் சுகம். இங்கே வெயில் வழக்கம்போல் மனிதரையும் பேரீச்சம்பழத்தையும் ஒன்றாக உலர்த்துகிறது. வரிகள் கோணலாக இருந்தால் அது வயதினால் அல்ல, மகிழ்ச்சியினால். எழுத்துக் கற்றுக்கொடுத்தபோது வரி கோணினால் அப்பா விரலில் தட்டுவார். இன்று அவர் இருந்தால் என் பத்து விரலும் வீங்கியிருக்கும்.

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். வருகிற ஓய்வுநாளில் ஆலயத்தில் நம் ஆசாரிய வகுப்பின் ஊழிய வாரம் தொடங்குகிறது. அதில் நான்காம் நாள் எங்கள் குடும்பத்தின் முறை. தூபம் காட்டுவது ஓர் ஆசாரியனுக்கு ஆயுளில் ஒருமுறைதான் என்பதால் ஏற்கெனவே காட்டியவர்கள் சீட்டுக்கு வர முடியாது. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் காட்டி முடித்துவிட்டார்கள் தம்பி! மிச்சம் இருப்பது என் பெத்தகியாவும், எதிர்வீட்டு ஆதாளின் மகன் மல்கியாவும், நேற்று மீசை முளைத்த இரண்டு பயல்களும்தான். இவ்வளவு சின்ன வட்டத்தில் என் மகன் நின்றதே இல்லை. உன் அத்தான் செராயா வாலிபத்திலிருந்து நரைக்கும்வரை அந்த வட்டத்தில் விரலை நீட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி விரல்களை எண்ணிக்கொண்டே வருவார், எண்ணிக்கை நிற்கும் விரலுக்குத்தான் சீட்டு, அது ஒவ்வொரு முறையும் பக்கத்து ஆளின் விரலில் போய் நின்றது. கடைசியாகப் படுத்திருந்தபோதும் கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று மருமகள் அக்சாள் செம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அதை அவர் மகன் கையில் பார்த்துவிட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்.

இதில் ஒரே ஒரு சின்னத் தடை. முடி. பெத்தகியாவுக்கு உச்சி எப்போதோ போய்விட்டது, அதைப் பற்றிக் கவலையில்லை. பிடரியில் ஒரு காதிலிருந்து மறு காது வரை ஒரு வரிசை முடி இருந்தால் போதும், வழுக்கை ஊனமாகாது என்பது விதி. அந்த வரிசை அறுந்தால் பலிபீடத்தை நெருங்க முடியாது, விறகு மண்டபத்தில் உட்கார்ந்து கட்டைகளில் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். உன்னைச் சொல்லவில்லை தம்பி, நீ அத்திமரத்திலிருந்து விழுந்து கால் முடங்கி அங்கே போனவன், அது வேறு. ஆனாலும் நல்ல காலும் கையும் உள்ள ஆரோன் வம்சத்து ஆசாரியன் கட்டையைத் தட்டிப் புழுவைக் கூப்பிடுவது ஒரு பிழைப்பா? மறுபடியும் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை.

போன மாதம் அக்சாள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள், "அத்தை, இங்க வந்து பாருங்க, பின்பக்க வேலியும் சரியுது" என்று கூவினாள். அவள் ஆலயப்படியில் பாடும் லேவியர் வீட்டுப் பெண் என்பது உனக்குத் தெரியும், சாதாரணமாகச் சொல்வதையே ஊருக்குக் கேட்கச் சொல்வாள். உடனே பக்கத்து வீட்டுத் திர்சாள் சுவர்மேல் தலையை நீட்டி, "அபித்தாக்கா, பிசின் தைலமும் அத்திப்பழமும் அரைச்சுப் பூசி வெளியில உக்கார வையுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் காதுக்குள்ளகூட முளைச்சுது!" என்றாள். பூசினேன். மரத்தடியில் உட்கார வைத்தேன். அவன் தூங்கிவிட்டான். நான் திரும்பி வந்து பார்க்கிறேன், திர்சாளின் ஆடு அவன் இடது காதுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருக்கிறது. கனவில் யாரோ தலை கோதுகிறார்கள் என்று அவனும் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அத்திப்பழத்தோடு நான்கு விரல் அகலத்துக்கு முடியும் போய்விட்டது. நான் கத்தின கத்தலுக்குத் திர்சாள் ஓடி வந்து, "ஐயோ, முடியைத் தின்னுடுச்சா! ஆட்டுக்கு வயிறு உப்பிச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று என்னையே கேட்டாள். அக்சாளோ தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "எங்க ஆளுங்களுக்குத் தொண்டை போனாத்தான் அத்தை வேலை போகும். உங்க ஆளுங்களுக்கு முடி போனாலே போயிடுதே!"

நான் சிரிக்கவில்லை, யோசித்தேன். அப்பாவிடம் விதிகளை வரி வரியாகப் படித்தவள் நான். காதிலிருந்து காது வரை முடி இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அது யாருடைய முடி என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆகவே அந்த ஆட்டையே பிடித்து, அதன் முதுகு முடியைக் கத்தரித்து, எடுத்ததைக் கொடுக்க வைத்தேன். தேனையும் மாவையும் குழைத்து ஒட்டினேன். பிறகுதான் நினைவு வந்தது, ஊழியத்துக்கு முன் அவன் தண்ணீரில் முங்கி எழ வேண்டுமே! வீட்டுத் தொட்டியில் முங்கச் சொன்னேன். அவன் எழுந்து வந்தான், முடி வரவில்லை. சற்று நேரம் கழித்துத் தண்ணீருக்குப் போன அக்சாள், "அத்தை, தொட்டியில பெருச்சாளி!" என்று அலறியதில் தெருவே கூடிவிட்டது. கடைசியில் உப்புக்கடலில் கறுப்பாகத் தார்போல மிதந்து வருகிறதே, அந்தக் கீலை உருக்கிப் பூசி ஒட்டினேன். நோவாவின் பேழைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்க விடாதது கீல், என் மகன் தலையையா கைவிடும்? மூன்று முறை முங்கினான், அசையவில்லை. ஆடு கறுப்பு, அவன் நரை. ஆனால் கொஞ்சம் சாம்பல் தூவினால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது.

மணம்தான் கொஞ்சம் அதிகம். நேற்று ஆதாள் உப்புக் கேட்கிற சாக்கில் வந்து வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். "என்ன அபித்தா, வீட்டுக்குள்ள பேழை கட்டறீங்களா?"

"வெள்ளம் வந்தாலும் வரும் ஆதா, முன்னெச்சரிக்கை" என்றேன்.

"எரிகோவுலயா!" என்று சொல்லிவிட்டு உப்பை வாங்காமலே போய்விட்டாள். மல்கியாவுக்குத் தலை நிறையக் குதிரைவால் மாதிரி முடி. அந்தத் திமிர்.

இப்போது நீ செய்ய வேண்டியது. நான் யாரிடமும் சலுகை கேட்கிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும், நியாயத்தைத்தான் கேட்கிறேன். உடலைச் சோதிக்கும் பெரியவர் காலையில் பெத்தகியாவைப் பார்க்கும்போது வெயில் அவர் கண்ணில் விழுகிற மாதிரி உட்கார வை. சீட்டுப் போடும் அதிகாரி, வட்டத்தில் யாராவது ஒருவன் தலைப்பாகையைக் கழற்றி அவனிலிருந்துதானே எண்ணத் தொடங்குவார்? அந்தத் தலை பெத்தகியாவின் தலையாக இருக்கக் கூடாது. மல்கியாவின் முடி பார்க்க அழகு என்று அவர் காதில் போட்டு வை. கீல் மணம் வருகிறதே என்று எவனாவது கேட்டால், அது உன் விறகின் மணம் என்று சொல்லிவிடு. இவ்வளவும் செய்தால் தூபக்கலசம் நம் வீட்டுக்கு வந்த மாதிரிதான். நினைத்தாலே வரி இன்னும் கோணுகிறது தம்பி!

ஆரோனின் கோலைத் துளிர்க்க வைத்தவர் உன் குடும்பத்தையும் துளிர்க்க வைக்கட்டும். உன் மனைவியிடம் என் அன்பைச் சொல். போன முறை அவள் கொடுத்தனுப்பிய அப்பத்தில் உப்புப் போதவில்லை என்பதையும் சொல்.

இப்படிக்கு,
ஆசாரியன் செராயாவின் விதவையும்
உன் மூத்த அக்காளுமான
அபித்தாள்

பின்குறிப்பு: கடிதம் கொண்டுவரும் கழுதைக்காரனின் செருப்பு அறுந்துபோனதால் அவன் நேற்றுப் புறப்படவில்லை. அதனால் இதையும் எழுத நேர்ந்தது. இந்தக் கடிதத்தைப் பெத்தகியா படித்துவிட்டான். படித்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "அம்மா, பெரியவர் கண்ணுல வெயில் அடிக்கும், சரி. அதிகாரி என் தலைப்பாகையைத் தொடாமலே போகட்டும், சரி. அப்புறம் கலசத்தோட உள்ள போய் ஆண்டவர் சந்நிதித் திரைக்கு முன்னாடி நான் தனியா நிக்கணுமே. அங்க ஆட்டு முடியோடவா நிக்கச் சொல்றே?" என்றான். நான் விதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். "அப்பா அத்தனை வருஷம் தோத்தாரு. எந்த வருஷமாவது எதையாவது மறைச்சுக்கிட்டு நின்னாரா?" என்றான். அப்பா சொல்லித்தந்த விதிகளில் அதற்கு ஒரு வரியும் இல்லை. தான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பதில் சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் முறை என்று அக்சாள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நானே எண்ணெயைச் சுடவைத்துக் கீலைத் துடைத்தேன். கீலோடு ஆட்டு முடி வந்தது, ஆட்டு முடியோடு அவன் முடியும் வந்தது, வலது காது வரை ஒன்றும் மிஞ்சவில்லை. தலை இப்போது தீக்கோழி முட்டைக்குக் காது வைத்த மாதிரி இருக்கிறது. அவன் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே எந்த ஆட்டுக்கும் பயமில்லம்மா" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது புகையினால்.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. பெத்தகியா உன் மண்டபத்துக்கு வருகிறான். ஆதாளிடம் நானே போய் இப்படிச் சொல்லிவிட்டேன்: தூபம் ஆயுளில் ஒருமுறை, விறகு அன்றாடம். ஒரு புழு இருந்தால் அந்தக் கட்டை பலிபீடத்துக்கு ஆகாது. தூபத்துக்கு அள்ளும் தணல் அத்திக்கட்டையிலிருந்துதான் வருகிறது. நான்காம் நாள் மல்கியாவே தூபம் காட்டட்டும், அந்தத் தணல் என் மகன் பார்த்த கட்டையிலிருந்து வந்ததாக இருக்கும். இதைக் கேட்டு ஆதாளின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும் தம்பி! ஆகையால் அன்றைக்கான அத்திக்கட்டைகளை வேறு எவனிடமும் கொடுக்காதே, அவனிடம் கொடு. காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார வை. நீ ஏற்கெனவே பார்த்து அடுக்கிய கட்டைகளையும் அவன் ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி பார்ப்பான். கோபித்துக்கொள்ளாதே. நான்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.