அரை அடி தூரத்தில் ஒரு வாசனை

அந்த வாரத்தில் திரும்பி வந்த ஐந்தாவது கண்ணாடி அது.

"இதைப் போட்டுக்கிட்டா தரை எழுந்து மேல வருது சார். படிக்கட்டே இல்லாத இடத்துல ரெண்டு தடவை காலைத் தூக்கி வெச்சேன். தெருவே பாத்துச் சிரிச்சுது" என்றார் தபால்காரர்.

பவர் சார் கண்ணாடியை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருஷமாகக் கண் பரிசோதிக்கிறவர் அவர். எழுதிக் கொடுத்த பவர் தப்பாகப் போனதில்லை; பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். அடுத்த மாதம் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவர்தான் பொறுப்பாளர் என்று கடை முழுக்கப் பேச்சு. இந்த நேரம் பார்த்துத்தானா கண்ணாடிகள் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பத் திரும்ப வரவேண்டும்?

"உள்ள வாங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்."

பரிசோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் நல்ல இருட்டு. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் மினுங்கும். பவர் சார் தபால்காரரின் முகத்துக்கு அரை அடி தூரத்தில் நின்று, சோதனைச் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாகச் சொருகினார்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டுமே தண்ணிக்குள்ள கெடக்கற மாதிரி இருக்கு சார்."

கூட அரை பவர் போட்டார். "இப்போ?"

"இப்போ தண்ணி இன்னும் ஆழமாயிடுச்சு."

தபால்காரரின் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. பாவம், பார்வை போகிற கவலை போலிருக்கிறது என்று பவர் சார் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அவருக்கு மட்டும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. போன மாதம் திருமண நாளுக்கு மனைவி ஒரு சென்ட் பாட்டில் வாங்கித் தந்திருந்தாள். அதுவரை குளிக்கிற சோப்பைத் தவிர வேறு வாசனை அறியாத மனிதர் அவர். ஒரு பீச்சு போதும் என்பதை யாரும் சொல்லவில்லை. கழுத்தில் இரண்டு, கைக்கு இரண்டு, சட்டையில் நான்கு என்று தினமும் செடிக்கு மருந்தடிப்பது மாதிரி அடித்துக்கொண்டு வந்தார். அடித்ததும் நடையிலேயே ஒரு கிளைப் பொறுப்பாளர் வந்துவிடுவார்.

கண்ணில் தண்ணீர் வருவது மின்விசிறிக் காற்றினால் என்று முடிவு செய்து விசிறியை நிறுத்தினார். வாசனை நகர வழியில்லாமல் அறையிலேயே குடியேறியது. வாடிக்கையாளர்கள் தலையைப் பின்னுக்கு இழுத்தார்கள். எழுத்து தெரியாமல்தான் இழுக்கிறார்கள் என்று அவர் இன்னும் நெருங்கினார். நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுவரில் போய் முட்டியது.

ஒரு டீச்சரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

'விசிறி இல்லாததால் வியர்வை நாற்றம் அடிக்கிறது!'

மறுநாளிலிருந்து பாட்டில் கடைக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கு முன்னும் ஒரு சுற்று.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா கூப்பிட்டார். மேஜையில் ஒன்பது கண்ணாடிகள் கால் மடக்கிப் படுத்திருந்தன.

"என்ன சார் நடக்குது? ஒரு டிரைவருக்குப் போய் ரெண்டு பவர் கூடப் போட்டிருக்கீங்க. புதுக் கிளையை நம்பி எப்படி உங்ககிட்ட விடறது?"

"அம்மா, ஜனங்களோட கண்ணுதான் இப்பல்லாம்..."

"ஊர்க் கண்ணெல்லாம் ஒரே மாசத்துலயா கெட்டுப்போகும்? காலைல ஒரு புகார் வேற வந்திருக்கு. நீயே படிம்மா."

வரவேற்பில் இருக்கும் பெண் நோட்டைப் பிரித்தாள். பவர் சாருக்கு மகள் வயது. தலையைத் தூக்காமல் படித்தாள்.

"ஒரு அம்மா போன் பண்ணினாங்க சார். 'உங்க பவர் சார் கிட்டக்க வந்தாலே கண்ணு எரியுது, தண்ணியா ஊத்துது, எதிர்ல இருக்கறது எதுவும் தெரியல. அவரு தங்கமான மனுஷர், வேலைல கெட்டிக்காரர். அந்தச் சென்ட்டை மட்டும் விட்டுடச் சொல்லுங்க'ன்னாங்க."

பவர் சார் குனிந்து தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, நிஜமாவா?" என்றார் பவர் சார் மெல்ல.

"நான் ஒரு மாசமா வாயாலதான் மூச்சு விடறேன் சார்."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா அடிச்சுக்கிட்டீங்க..."

அன்று முழுக்க அவருக்கு ஒரே யோசனை. யாரந்த அம்மா? முகத்துக்கு நேரே சொன்னால் குறைந்தா போவாள்? இரவெல்லாம் மனசுக்குள் அந்த அம்மாவோடு சண்டை போட்டார்.

சனிக்கிழமை பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை குளித்துவிட்டு, சென்ட் அடிக்காமல், பூனை மாதிரி வீட்டை விட்டு நழுவினார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பது பேரையும் வரவழைத்து மறுபடி பரிசோதித்தார். ஒன்பது பேரும் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார்கள். டீச்சரம்மா பலகையின் அடியில் அச்சடித்தவர் விலாசத்தையும் சேர்த்துப் படித்தார். தபால்காரருக்குப் பழைய கண்ணாடியே போதும் என்று தெரிந்தது.

"இன்னிக்கு உங்க முகமே தெளிவா தெரியுது சார்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார் அவர்.

அடுத்த வாரம் முழுக்க ஒரு கண்ணாடிகூடத் திரும்பவில்லை. முதலாளியம்மா புதுக் கிளையின் சாவியைக் கையில் வைத்தார். பவர் சார் முதலாளியம்மாவைக் கும்பிட்டார். நேராக வரவேற்புக்கு வந்தார்.

"அந்த அம்மா மட்டும் போன் பண்ணலைன்னா நான் இன்னும் ஊரையே அழ வெச்சுக்கிட்டு இருப்பேன்மா. கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் சொல்ல மாட்டாங்க. அவங்க யாரு? நேர்ல போய் ஒரு நன்றி சொல்லணும். பேரு ஏதாவது சொன்னாங்களா?"

"கேட்டேன் சார். 'பேரெல்லாம் வேண்டாம்மா, ராத்திரி அவரு இந்த வீட்டுக்குத்தானே சாப்பிட வரணும்'னு போனை வெச்சுட்டாங்க."