தெருவே கேட்ட நேர்முகத் தேர்வு

உதவி செய்ய வருகிறவன் கொஞ்சம் ஆபத்தானவன். கையில் வயரும் திருப்புளியும் வைத்துக்கொண்டு உதவி செய்ய வருகிறவன் ரொம்ப ஆபத்தானவன். பிள்ளைகளா, உங்கள் அப்பா இரண்டாவது வகை.

இந்தக் கதையை நீங்கள் இருவரும் தெருவில் துண்டு துண்டாகக் கேட்டிருப்பீர்கள். ஆளாளுக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். (கூட்டாமலே போதுமான அளவுக்கு மானம் போகும், பாருங்கள்.)

உங்கள் அம்மா அப்போது குற்றாலத்தில் ஒரு பெரிய தங்கும் விடுதிக்கு மேனேஜர். வரவேற்பு மேசையில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, பதினான்கு வருசத்தில் அறுபது பேரை நடத்தும் இடத்துக்கு வந்திருந்தாள். அவளைப் போல வேலையில் பாதி தூரம் வந்தவர்களுக்கென்றே சிங்கப்பூரில் ஒரு மேலாண்மைப் பட்டப் படிப்பு இருந்தது. ஆசியாவின் பல நாடுகளிலிருந்து அதிகாரிகள் வருவார்களாம். வேலையை விட்டுவிட்டு ஒரு வருசம் முழுநேரமும் வகுப்பில் உட்கார வேண்டும். (நான் பத்தாவதையே இரண்டு தடவை முழுநேரமாகப் படித்தவன். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.)

அம்மா விண்ணப்பம் போட்டாள். கம்ப்யூட்டர் வழியாக நேர்முகத் தேர்வு என்று பதில் வந்தது.

"இது ஒண்ணுதாங்க. கிடைக்கலன்னா இனி போட மாட்டேன்" என்றாள். "எனக்கும் முப்பத்தொம்பது ஆச்சு. இன்னும் ரெண்டு வருசத்துல பெரியவளுக்குப் பத்தாவது வந்துரும். பொறவு எங்கிட்டுப் போக?"

விடுதியில் ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை. இடம் கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

தேர்வு வந்த நாளைப் பாருங்கள். குற்றாலத்தில் சீசன். விடுதியில் மூலை முடுக்கெல்லாம் ஆள். ஆகவே வீட்டில்தான் உட்கார வேண்டும். தென்காசியில் எங்கள் வீடு இருக்கும் தெருவிலோ அன்றைக்கு அம்மன் கோவில் கொடைத் திருவிழா. கொடைக்கு மைக் செட் போட்டிருந்தது யார்? நான்தான். தெருமுனையிலிருந்து கோவில் வரை எட்டுக் குழாய்கள், அதாவது கூம்பு ஒலிபெருக்கிகள். அத்தனைக்கும் ஆம்ப்ளிஃபயர் எங்கள் வீட்டு முன்னறையில்.

உங்கள் இரண்டு பேரையும் மாமாவோடு ஐந்தருவிக்கு அனுப்பிவிட்டு, கொடை நடத்தும் சண்முகம் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஆம்ப்ளிஃபயர் கொதிக்குது. ஒரு மணி நேரம் ஆறப் போடணும்."

"ஆறப் போடுலே. அம்மன் பொறுத்துக்கிடுவா. சாப்பாட்டுப் பந்தி முடியுறதுக்குள்ள பாட்டு வந்துரணும்."

இதோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முதல் நாள் அம்மா ஒரு சிநேகிதியோடு பேசிப் பழகியபோது, அந்தப் பெண், "உன் குரல் கெணத்துக்குள்ள இருந்து வருதுடி" என்று சொல்லிவிட்டாள். இருபது வருசமாக மைக் செட் போடுகிறவன் வீட்டுக்காரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதா? தொழிலுக்கே கேவலம். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் நல்ல மைக்கை அம்மா முன்னால் வைத்தேன். அதை ஆம்ப்ளிஃபயரில் செருகி, அங்கிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். சிங்கப்பூர்க்காரர்கள் பேசுவதும் தெளிவாக வரட்டும் என்று அதையும் ஆம்ப்ளிஃபயருக்குள் விட்டேன். காதில் மாட்ட ஆளுக்கொரு ஹெட்போன். ஜன்னலில் மெத்தை, கதவிடுக்கில் போர்வை. ஒரு கொசு இருமினால்கூட உள்ளே கேட்காது.

பாட்டை நிறுத்தியிருந்தேன். குழாய்களின் வயரைக் கழற்றவில்லை.

தென்காசியில் அன்று அந்த நேர்முகத் தேர்வு எட்டுக் குழாயில் ஒலித்தது. அது தெரியாத இரண்டே பேர் மெத்தைக்கு இந்தப் பக்கம் ஹெட்போனோடு இருந்தோம்.

திரையில் இரண்டு பேர். ஒரு சீனத்துப் பேராசிரியை, ஒரு தமிழ்ப் பேராசிரியர். முதல் இருபது நிமிடம் இங்கிலீஷ். 'குற்றாலம்' வந்த இடத்தில் மட்டும் நான் தலையாட்டினேன். வெளியே சனமெல்லாம் நின்று கேட்டதாம். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளுக்கு இந்த வருசம் இங்கிலீஷ்ல அருள் வந்திருக்கு" என்றாராம். (இதை அவர் இன்றுவரை மறுக்கிறார்.)

யாரோ கதவைத் தட்டுவது முதுகில் அதிர்ந்தது. பாட்டுக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று கதவில் இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டேன். போனில் அண்ணாச்சி பதினோரு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. வீட்டுக்காரிக்கு எவ்வளவு காவலாக இருக்கிறோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது தமிழ்ப் பேராசிரியர் கேட்டார்: "இதைத் தமிழ்லயே சொல்லுங்க. ஒரு வருஷம் நீங்க இல்லாம அந்த விடுதியை யார் பார்த்துப்பாங்க?"

அம்மா யோசிக்கவே இல்லை. "பேச்சியக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க சார். ரூம் சுத்தம் பண்ற வேலை. எட்டாவதுதான் படிச்சிருக்காங்க. சீசன் நேரத்துல நாப்பது ரூமைக் காலி பண்ணி, மறுபடி ஆள் ஏத்தணும். எந்த ரூமை முதல்ல எடுக்கணும்னு நான் கம்ப்யூட்டரைப் பாப்பேன். அவங்க வராண்டாவுல காயுற துண்டு உள்ள போயிருச்சான்னு பாத்தே சொல்லிருவாங்க. என் இடத்துல அவங்களைத்தான் உக்கார வைப்பேன்."

"அவங்ககிட்ட இதைச் சொல்லியிருக்கீங்களா?"

அம்மா முதல் தடவையாகத் தடுமாறினாள். "இல்ல சார். இன்னும் சொல்லல."

பேச்சியக்கா வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. கொடைக்காக அன்று லீவு. முன்கதவு திறக்காததால் புறவாசலில் நுழைந்து, அடுப்படி வழியாக நேரே அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தலையில் பூ, கையில் மாவிளக்குத் தட்டு.

"சிங்கப்பூர் போறியளாமே மேடம். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியளா?"

நான் பாய்ந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள்.

"சொல்லாதது தப்புதான்க்கா. கிடைக்காமப் போனா சிரிப்பியளோன்னு பயந்துட்டேன்."

"நாங்களா சிரிப்போம்? சரி, அதை விடுங்க. என்னை உங்க சீட்டுல உக்கார வைக்கப் போறதா சொன்னியள. எனக்கு இங்கிலீசு வராதே."

"இங்கிலீஷுக்கு முன்மேசையில ஆள் இருக்கு. வேலை தெரிஞ்ச ஆளுதான் இல்ல."

பேச்சியக்கா தட்டை மேசையில் வைத்தாள். "ஒரு வாரம் கூட நின்னு சொல்லிக் குடுத்தியன்னா பாப்பேன். ஆனா உக்கார மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். உக்காந்தா எனக்கு இடுப்பு பிடிக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பேச்சியக்கா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? எட்டுக் குழாயிலயும் வருதுய்யா. பந்தியில எவனும் சோத்துல கை வைக்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். பார்த்த வேகத்தில் கைக்குக் கிடைத்த வயரைப் பிடுங்கினேன். அது இன்டர்நெட் பெட்டியின் வயர்.

திரை உறைந்தது. பிறகு சிங்கப்பூரே காணாமல் போனது.

அம்மா கருப்பான திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். வயரைத் திரும்பச் செருகினேன். செருகியும் பெட்டியில் விளக்கு வரவில்லை. ஜன்னல் மெத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாச்சியின் குரல் மட்டும் வந்தது: "ஏலே, ஏன் நிறுத்திட்ட? சீட்டு உண்டா இல்லியா?"

பேச்சியக்காதான் இடுப்பிலிருந்து போனை உருவினாள். "இதுல நெட்டு கிடக்கு. போடுங்க மேடம்."

இந்தத் தடவை குழாய் வயரை முதலில் கழற்றிவிட்டுத்தான் இணைத்தேன். நையாண்டி மேளக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி அவர்கள் முன்னால் போய், மேளம் அடிக்க விடாமல் கையை நீட்டி மறித்து நின்றாராம். கொடை நாளில் எங்கள் தெரு பத்து நிமிடம் மூச்சுவிடாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

அம்மா நடந்ததை மறைக்காமல் சொன்னாள், என் பெயரைக்கூட மறைக்கவில்லை. சீனத்துப் பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தமிழ்ப் பேராசிரியர், "பிரச்சினையைத் தாள்ல எழுதிக் கொடுத்து, எப்படிச் சமாளிப்பீங்கன்னு கேக்குறது எங்க வழக்கம். நீங்க ஆளையே கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார். அவ்வளவுதான். கிடைக்கும் என்றும் சொல்லவில்லை, கிடைக்காது என்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் நான் வீட்டில் பூனை போல நடந்தேன். நாலாவது வாரம் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

பேச்சியக்கா அந்த ஒரு வருசமும் விடுதியை நின்றுகொண்டே நடத்தினாள். படித்துத் திரும்பிய அம்மா இப்போது இரண்டு விடுதிகளைப் பார்க்கிறாள். ஒன்றை இன்னும் பேச்சியக்காதான் நின்றுகொண்டே நடத்துகிறாள்.

அம்மா சிங்கப்பூர் கிளம்பிய அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். "மைக் ஏதும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, காதருகில் ஒன்று சொன்னாள். அது தெருவுக்கு இல்லை. உங்களுக்கும் இல்லை.

இப்போது நம் வீட்டில் யார் யாரிடம் ரகசியம் சொல்வதானாலும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் சொல்கிறார்கள். நேற்று சின்னவன் அம்மாவின் காதில் ஏதோ ஓத வந்தவன், என்னைப் பார்த்ததும் நின்று, என் பையைத் தடவிவிட்டுத்தான் போனான்.