ஆள் நிக்காத குன்றும் சர்வேயரும்

வீடியோ கேமில் வரும் கொள்ளைக்காரர்களை அடக்கத் தெரிந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஊரப்பாக்கத்தில், நான் தங்கியிருக்கும் ஹாஸ்டல் அறையில், நடுக்கட்டிலில் படுத்திருந்தார். பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கூடுவாஞ்சேரி லேஅவுட்டுகளில் நிலம் அளக்கிற வேலை என்பதால் எல்லோருக்கும் அவர் சர்வேயர்.

ஞாயிறு மதியம் என் லேப்டாப்பில் இருவரும் ஆடுவோம். நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று மாறி மாறி நகர்த்தி நகரங்கள் அமைக்க வேண்டும். நடுவில் காட்டுமிராண்டிக் கும்பல் வந்து சூறையாடும். நான் மதில் கட்டுவேன், படை திரட்டுவேன், அப்படியும் உதை வாங்குவேன். சர்வேயர் சண்டையே போடமாட்டார். குன்றுக்கு ஒரு ஆளை நிறுத்திவிட்டு டீ குடிப்பார்.

"காலி மனை இன்னா ஆவும் மச்சான்? ஆள் நிக்காத எடத்துலதான் கொட்டாய் முளைக்கும். பாத்துகினே இருந்தா ஒருத்தன் வரமாட்டான்."

அந்த விளையாட்டின் விதியே அதுதான் என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. யார் கண்ணும் படாத கட்டத்தில்தான் கும்பல் கூடாரம் போடும்.

இதே கொள்கைதான் ஹாஸ்டலிலும். குளியலறையில் அவருடைய சிவப்பு வாளி, சாப்பாட்டு மேசையில் ஹெல்மெட், டிவிக்கு எதிர் நாற்காலியில் துண்டு. ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருப்பார். கேட்டால், "அதான் ஆள் நிக்குதில்ல?" என்பார்.

ஜன்னலோரக் கட்டில் காலியானபோது வம்பு வந்தது. என் கட்டில் பாத்ரூம் கதவோரம். போகிறவன் வருகிறவன் எல்லாம் என் காலை மிதித்துவிட்டுத்தான் போவான். எனக்கு ஜன்னல் வேண்டும். அவருக்கும் வேண்டும். ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. முதலில் ஆறாவது நகரம் அமைப்பவருக்குக் கட்டில்.

ஆளுக்கு ஐந்து நகரம் ஆகிவிட்டது. ஆறாவது நகரம் எழுப்பப் போகும் இருவருடைய குடிகளும் ஆளுக்கொரு இடத்தைப் பார்த்து நடந்தார்கள். அவருடைய குடிகளுக்கு ஒரு குதிரைவீரன் காவல். நான் அவசரத்தில் தனியாக அனுப்பியிருந்தேன். அடுத்த முறை அவர் நகரம் எழும்பிவிடும், என் கதை முடிந்தது. அந்த நேரம் பார்த்து, நான் ஆள் நிறுத்தாத புதரிலிருந்து கும்பல் கிளம்பி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது.

சர்வேயர் திரையையே பார்த்தார். பிறகு தன் குதிரைவீரனை நகர்த்தி என் குடிகளுக்கு முன்னால் நிறுத்தினார்.

"யோவ், உன் ஆளுங்க மாட்டிக்குவாங்கய்யா!" என்று நானே கத்தினேன்.

"தெரியும் மச்சான். அங்க ஆளே இல்லாம கீதே, அத்த எப்டி பாத்துகினு இருக்கறது?"

கும்பல் அவர் குடிகளை அள்ளிக்கொண்டு போனது. என் ஆறாவது நகரம் எழும்பியது. என் மெத்தையை ஜன்னலோரம் தூக்கிவந்து போட்டவரும் அவரே.

போன மாதம் வேலை மாறிப் பள்ளிக்கரணைப் பக்கம் போய்விட்டார். வாளியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஜன்னல் காற்று நன்றாகத்தான் வருகிறது, ஆனால் அவர் இல்லாமல் ஞாயிறு மதியம் நகரமாட்டேன் என்கிறது. நடுக்கட்டிலைக் கேட்டு வாரம் ஒருவன் வருகிறான். அதன்மேல் சிவப்பு வாளியை வைத்திருக்கிறேன். "ஆள் நிக்குது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.