பள்ளத்துக்கு ஒரு நளினமான எழுத்து

எங்கள் அலுவலக வாசலில், தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அதை மூடுவது உயர்மட்டப் பரிசீலனையில் இருந்தபடியால், அதுவரை ஓர் எச்சரிக்கைப் பலகை வைப்பதென முடிவாயிற்று. வாசகத்தைக் கணினியில் அமைக்கும் பொறுப்பு தற்காலிக ஊழியனான எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை நிரந்தரமாவது அதிகாரியின் ஒரு கையெழுத்தில் இருந்தது.

"பள்ளம்" என்று தடித்த எழுத்தில் போட்டுக் காட்டினேன். அலுவலக அழகியல் பயிற்சிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அதிகாரி முகம் சுளித்தார்.

"என்னப்பா இது, காட்டுக் கத்தலா இருக்கு? இதைப் பாரு."

அவர் காட்டிய எழுத்து அழகுதான். பொய் சொல்லக் கூடாது. ஒல்லியாக, வலப்பக்கம் சாய்ந்து, நுனிகளில் சின்னச் சின்னக் கொக்கிகளோடு, விருந்துக்குக் கிளம்பியதுபோல் நின்றது.

"சாய்ஞ்சிருக்கு பாரு, அது வேகம். வேலை நடக்குதுன்னு பார்த்தாலே தெரியும்."

எழுத்து ஒல்லி என்பதால் பலகையில் இடம் மிஞ்சியது. பொதுச் சொத்தை வீணாக்கக் கூடாதே! வாசகம் நீண்டது: "மேற்படி இடத்தில் பொதுநலன் கருதி ஏற்படுத்தப்பட்டுள்ள தற்காலிகத் தாழ்நிலையினைப் பொதுமக்கள் தக்கவாறு கவனத்தில் கொள்ளுமாறு..."

"தூரத்துலேர்ந்து படிக்க முடியாதே, சார்?"

"கிட்ட வந்து பார்ப்பாங்கல்ல?"

வெளிச்சம் நன்றாக விழும் என்று பலகையைப் பள்ளத்தைத் தாண்டி மறுகரையில் நட்டார்கள். மக்கள் கிட்ட வந்தார்கள். தலையைச் சாய்த்தார்கள், கண்ணைச் சுருக்கினார்கள், இன்னும் ஓரடி முன்னால் வைத்தார்கள். முதலில் தபால்காரர் விழுந்தார். அப்புறம் எங்கள் கணக்கரே விழுந்தார். மூன்றாவது என் அக்கா. துணி தைத்து என்னைப் படிக்கவைத்தவள். காலில் மாவுக்கட்டு.

"நீ போட்ட போர்டாச்சேன்னு ஆசையா படிக்கப் போனேன்டா" என்றாள்.

அன்று மதியமே அதிகாரியின் அறைக்குள் போனேன். "சார், எழுத்தை மாத்திடலாம் சார். மூணு பேர் விழுந்துட்டாங்க."

"மூணு பேரா!" அவர் முகம் மலர்ந்தது. "அப்போ மூணு பேர் படிச்சிருக்காங்க. இதுவரைக்கும் நம்ம போர்டை ஒருத்தராவது படிச்சதுண்டா?"

பலகை வாசிப்போர் எண்ணிக்கையில் ஏற்பட்ட முன்னேற்றம் குறித்து மேலிடத்துக்கு அப்போதே அறிக்கை போயிற்று. அதே கையோடு என் நிரந்தர ஆணையிலும் பேனாவை வைத்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமாப்பா?"

பேனா காகிதத்தின்மேல் நின்றிருந்தது. அக்காவின் கால் நினைவுக்கு வந்தது. அக்கா கட்டிய கல்லூரிக் கட்டணமும் நினைவுக்கு வந்தது.

"ஒண்ணுமில்ல சார்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பள்ளத்தைத்தான் யாரும் மூடவில்லை.

வீட்டில், கட்டுப்போட்ட காலை முக்காலிமேல் நீட்டியிருந்த அக்கா, ஆணையை வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அதுவும் அந்த எழுத்தில்தான் இருந்தது.

"அடேயப்பா, என்ன ஸ்டைலு! என் தையல் கடை போர்டையும் இதுலயே போட்டுக் குடுடா."

"வேணாம்க்கா. தெருவுல போறவங்களுக்குப் படிக்கவே வராது."

"வராட்டி என்ன? கிட்ட வந்து பார்ப்பாங்கல்ல?"

போட்டுக் கொடுத்தேன். கடை வாசலில் ஒரு படி உடைந்திருக்கிறது. அதற்கும் ஒரு சின்ன போர்டு வேண்டுமாம், இதே எழுத்தில்.