பின்னறைக்கு எட்டாத வைஃபை

அன்புள்ள மைத்துனர் அன்புசெல்வனுக்கு,

புதுவாயலில் வசிப்பவனும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலையொன்றின் பாதுகாப்பு அலுவலனும், உங்கள் அக்காள் சாராளின் கணவனுமாகிய தாவீது எழுதுவது. நீங்கள் திருவள்ளூரில் வாங்கி அனுப்பிய வைஃபை எக்ஸ்டெண்டர் எங்கள் ரௌட்டருடன் இணைய மறுக்கிறது என்பதை முறைப்படி தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். எழுத்தில் இருந்தால் அது இயலாது. நீங்களும் மெர்சியும் பிள்ளைகளும் கர்த்தரின் காவலில் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே சுகத்தைப் பற்றி எழுத அதிகமில்லை.

நிலவரம் நீங்கள் அறிந்ததே. கீமோ மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து சாராள் பின்னறைக் கட்டிலில்தான் இருக்கிறாள். கூடம்வரை நடந்துவரத் தெம்பில்லை. கட்டிலையே கூடத்துக்கு மாற்றுகிறேன் என்றதற்கு, "வர்றவன் போறவன்லாம் பாக்கவா?" என்று மறுத்துவிட்டாள். ரௌட்டர் கூடத்தில் இருக்கிறது. பின்னறையில் சாதாரண அழைப்புக்கு மட்டுமே சிக்னல் கிடைக்கும். தோஹாவில் இருக்கும் நம் ஷைனிக்கோ இது எட்டாம் மாதம். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா கொரல் மட்டும் போதாதுப்பா, மூஞ்சப் பாக்கணும்" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதல் முயற்சியில், எந்த மின்கருவியில் கைவைப்பதற்கு முன்னும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்று ஆலையில் நான் நாள்தோறும் போதிக்கிற விதிப்படி, ரௌட்டரின் பிளக்கைக் கழற்றி, வேறு யாரும் மாட்டிவிடாதபடி ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, 'வேலை நடைபெறுகிறது, தொடாதே' என்ற அட்டையையும் தொங்கவிட்டு, பின்னறையில் கட்டிலோரப் பிளக்கில் எக்ஸ்டெண்டரை மாட்டி இயக்கினால் அது சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது, நானும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துக்கொண்டே இருந்தேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஷிப்டு முடிந்து வந்த பக்கத்து வீட்டு லோகு எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, ரௌட்டரே செத்துக் கெடக்குது, இத்த யாரோட கட்டிவெக்கப் பாக்கற?" என்றான். விதியில் பிழையில்லை, இந்தக் கருவிக்கு அது பொருந்தாது, அவ்வளவே. அடுத்து, இரண்டிலும் உள்ள பொத்தான்களை இரண்டு நிமிடத்துக்குள் அமுக்க வேண்டும் என்றிருந்ததால் லோகுவைக் கூடத்தில் நிறுத்திவிட்டு நான் பின்னறைக்கு ஓடினேன்.

"அமுக்கட்டாண்ணா?"

"நான் சொல்லும்வரை அமுக்காதே."

"அமுக்கிட்டண்ணா."

நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தில் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காமல், அவன் அமுக்கும்போது நான் அமுக்காமலும், நான் அமுக்கும்போது அவன் டீ குடிக்கப் போயும், "ரெண்டு பேரும் இன்னா ஏலம் உட்டுக்கினு கீறீங்க?" என்று கட்டிலிலிருந்து சாராள் கேட்டும், ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது. போனை எடுக்கக் கூடத்துக்குப் போய்த் திரும்பினேன், சிவப்பு. மறுபடி இணைத்தேன், பச்சை. கஞ்சி ஆற்றி எடுத்துவந்தேன்; சிவப்பு. நான் பார்த்திருக்கும்வரை பச்சை, முதுகைக் காட்டினால் சிவப்பு. மேற்பார்வையில் மட்டும் தலைக்கவசம் அணிகிற தொழிலாளிகளை அறிவேன். அப்படி நடந்துகொள்ளும் ஒரு கருவியை இப்போதுதான் பார்க்கிறேன்.

இக்கடிதம் எழுத உட்காருமுன் கடைசியாக ஒருமுறை இணைத்துவைத்திருக்கிறேன். அதுவும் நிலைக்காவிட்டால், பொன்னேரி கூரியரில் இதைத் திருப்பி அனுப்புவேன். ஞாயிற்றுக்குள் மாற்றுக் கருவி வந்துசேர வேண்டும். ஷைனியின் பிரசவத்துக்காக உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தாவீது

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றை ரத்துசெய்கிறேன். கருவியில் குறையில்லை. விளக்கைப் பார்க்கப் பின்னறைக்குப் போனபோது, சாராள் ஒருக்களித்துப் படுத்தபடி, கொண்டை ஊசியின் முனையை ரீசெட் துளைக்குள் விட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். அப்படி அழுத்தினால் எக்ஸ்டெண்டர் ரௌட்டரை அடியோடு மறந்துவிடும். கையேட்டின் அந்தப் பக்கத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியவன் நானே. ஊசி குத்துவதற்கு அவள் தலையில் இப்போது முடியில்லை. அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள்.

"இன்னா சாரா இது?" என்றேன்.

"எட்டு மாசம்யா அதுக்கு. இந்தத் தலையப் பாத்தா அங்க ஒண்டியா ஒக்காந்து அயுவும். கொயந்த பொறக்கட்டும், காட்டிக்கலாம்."

"நீ அவள பாக்க வேணாமா?"

ஊசியை மறுபடி தலையணைக்கு அடியில் செருகினாள். "நீ பாத்துட்டு வந்து சொல்லேன். நீதான் ஒண்ணு உடாம சொல்லுவியே."

இத்தனை வருடமாக அதை ஒரு குறையாகத்தான் சொல்லிவந்தாள்.

ஆகவே பார்சல் வராது. ஷைனி கேட்டால் கருவி பழுது என்றே நீங்களும் சொல்லுங்கள், மச்சான். பொய்யான அறிக்கை எதிலும் நான் கையெழுத்திட்டதில்லை. ஞாயிறன்று கூடத்தில் தனியாக உட்கார்ந்து, கருவி பழுது என்பதைத்தான் என் மகளிடம் சொல்லப்போகிறேன். பிறகு அவளை எழுந்து நிற்கச் சொல்வேன், பக்கவாட்டில் திரும்பச் சொல்வேன். வயிறு எவ்வளவு இறங்கியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா, சிரிக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பின்னறைக்குப் போய், கட்டிலோரம் உட்கார்ந்து, ஒன்றும் விடாமல் சாராளிடம் சொல்வேன்.