நாற்காலிக் குழிகள்

பலாமரத்தடி ஈரமண்ணில் நாற்காலியின் நான்கு கால்களும் பதிந்த குழிகளைப் பார்த்ததும் சுகுணனுக்கு வயிறு எரிந்தது. லிஜி முந்திக்கொண்டுவிட்டாள்.

அந்தக் குன்றில் மனைகளெல்லாம் ஒரே அளவு, நடுவே வேலி கிடையாது. இந்தக் குழிகள் மட்டும் கண்ணில் படாவிட்டால் வீடு கட்டப்போகிற ஹம்சாவின் மனை எதுவென்று வெயிலில் அலைந்திருப்பான்.

கோழிக்கோட்டில் மாத்தன் சாரின் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. மனையில் நாற்காலி போட்டு ஒரு பகல் முழுக்க உட்காராமல் யாரும் கோடு கிழிக்கக் கூடாது. வெயில், காற்று, மழைத்தண்ணீர் போகிற வழி எல்லாம் பார்த்து, அதற்கு வளைந்து கொடுக்கிற வீட்டைத்தான் வரையவேண்டும். ஹம்சாவின் வீட்டைச் சுகுணன், லிஜி இருவரையுமே வரையச் சொல்லியிருந்தார் சார். யாருடையது தேறுகிறதோ, அவர் பெயர் வாசல் பலகையில் சாரின் பெயருக்குக் கீழே ஏறும்.

சுகுணன் அங்கே உழைத்து முடி நரைத்தவன். லிஜி நேற்று வந்தவள். தினமும் அவள் பெயரைப் படித்துக்கொண்டு உள்ளே நுழைவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தன் நாற்காலியின் கால்களை அவள் குழிகளிலேயே பொருத்தினான். பின்னால் பொட்டல்வெளி காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி, மரத்தையும் அதற்கப்பால் இருந்த பாறையையும் கிணற்றையும் பார்த்து உட்கார்ந்தான். சிவப்பெறும்பு கடித்தது. பலாக்காய் ஒன்று தோளை உரசிக்கொண்டு விழுந்தது. சருகு கூட்ட வந்த பெண் சிரித்துவிட்டுப் போனாள். இவன் சிரிக்கவில்லை, வேலையில் இருந்தான்.

மரத்தைக் காப்பாற்றக் கூடத்தை வளைத்தான். வளைந்த கூடம் பாறையில் முட்டியது. பாறையைக் காப்பாற்றச் சமையலறையைத் தூண்மேல் தூக்கினான். அதற்குப் படி வந்தது. ஹம்சாவின் உம்மாவுக்கு முட்டிவலி என்பதால் படியைச் சாய்தளமாக்கினான். சாய்தளம் கிணற்றைச் சுற்றிப் போய் மறுபடி மரத்துக்கே வந்து நின்றது. அட்டையில் செய்த வீட்டு மாதிரியை அலுவலகக் கதவைக் கழற்றித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

"சுகுணேட்டா, இது வீடா ராட்டினமா?" என்றாள் லிஜி.

"நெலம் சொன்னதச் செஞ்சிருக்கேன். காது உள்ளவங்களுக்குக் கேக்கும்."

அவள் சாப்பிடப் போன நேரம் அவளுடைய மாதிரியின் துணியைத் தூக்கிப் பார்த்தான். நேரான வீடு. அகலத் தாழ்வாரம். மேற்கே வெயிலை மறிக்கும் சுவர், அதையொட்டி நட்டுவைத்த கன்றுகள். மரம் இல்லை, பாறை இல்லை, கிணறு இல்லை. அன்று சாயங்காலம் அலுவலகம் மொத்தத்துக்கும் உன்னக்காய் இனிப்பு வாங்கிக் கொடுத்தான்.

ஹம்சா மாதிரிகளைப் பார்க்கிற நாளன்று பலாமரத்தடியில்தான் மேசை போட்டிருந்தார்கள். சுகுணனுக்கு அதுவே வெற்றியாகத் தெரிந்தது. ஹம்சா தாடியைத் தடவியபடி அவனுடைய மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கெணறு எங்கேருந்து வந்துச்சு?"

"இருக்கறதத்தான் வச்சிருக்கேன் ஹம்சா இக்கா. கேக்கவேண்டியத இவகிட்டக் கேளுங்க. தலைக்கு மேல நிக்கிற மரத்த வேரோட காணாம அடிச்சிருக்கா. மாத்தன் சாரே, இவ மனையில உக்காந்தாளான்னே எனக்குச் சந்தேகம்."

லிஜி பேச வாயெடுத்தாள். "நீ பேசாத மோளே," என்று அடக்கினான். மாத்தன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று சருகு கூட்டிய பெண் கட்டன்சாயாத் தட்டோடு வந்து, இடம் இல்லாமல் சுகுணனின் சாய்தளத்தின்மேலேயே அதை வைத்தாள். சண்டை முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது.

"இது என் பறம்பு சாரே, என் நெலம். இந்தப் பொண்ணு நெழலுக்கு ஒதுங்கிக்கிறேன்னு என்கிட்டக் கேட்டுட்டு இங்க உக்காந்து, எதுத்தாப்புல மொட்டையாக் கெடக்குற ஹம்சா மனையத்தான் நாள் முழுக்கப் பாத்துச்சு. நீங்க எதுக்கு அதுக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தீங்க?"