ஹெல்மெட்டுக்குள் இருந்த மாப்பிள்ளை

கட்டிக்கொள்ளப் போகிறவரின் முகத்தை ஆசைதீரப் பார்க்க வேண்டும் என்று நான் போட்ட திட்டத்துக்கு வாங்கிய முதல் சாமான், முகத்தை முழுசாக மூடுகிற ஹெல்மெட். என் புத்திசாலித்தனத்தை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. மாப்பிள்ளைக்கு மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று நான் பார்த்தது அவருடைய கால் கட்டைவிரலையும், கிளம்பும்போது ஒரு காதையும்தான். (நல்ல காது. குறை சொல்வதற்கில்லை.) நிச்சயத்தன்றாவது நிமிரலாம் என்றிருந்தேன்; பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை நிமிர விடவில்லை. மிச்சம் மீதிக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ. அதை ஆபீஸ் டிராயரில் வைத்துக்கொண்டு, ஒரு வரி டைப் அடிப்பதும் டிராயரைத் திறப்பதுமாக இருந்தேன். "மோட்டார்" என்று அடிக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரை அடித்து ஒரு கடிதம் கஸ்டமர் வரைக்கும் போய்விட்டது.

அப்போதுதான் அவர் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கும் சேதி வந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிகள் போகிற வேகம் எனக்குத் தெரியும். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மனசுக்குள் நான் ஏற்கனவே அந்த வண்டியின் பின்சீட்டில் ஏறி ஊட்டி அடிவாரம் வரை போய்வந்துகொண்டிருந்தேன். முகூர்த்தப் பட்டு எடுக்க அவர்கள் குடும்பம் கோயமுத்தூர் வருகிறது, மதியச் சாப்பாடு நம் வீட்டில், மாப்பிள்ளை வண்டியிலேயே வருகிறார் என்று அப்பா சொன்னதும் முடிவு செய்தேன். ஒரு ஹெல்மெட் வாங்கி நானே கையில் கொடுப்பது. கொடுக்கும்போது நிமிர்ந்துதானே ஆக வேண்டும்?

உக்கடத்தில் ஒரு பாய் கடை. "தலை என்ன சைஸுங்க அம்மணி?" என்று கேட்டார். நான் கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத வெச்சு பாஸ்போர்ட்டு வேணா எடுக்கலாமுங்க. ஹெல்மெட்டு எடுக்க முடியாதுங்களே."

நல்ல ஹெல்மெட்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன. என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாவது வெளியே கயிற்றில் தொங்கிய சிவப்பு ஒன்றுதான். "அதுல அந்த ஒரு சைஸுதான் மிச்சமுங்க. கொஞ்சம் சின்னத் தலைக்குத்தான் ஆகும்" என்றார் பாய். போட்டோவில் தலை சின்னதாகத்தான் இருந்தது. வாங்கிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. வீட்டில் பவானி ஜமுக்காளம் விரித்து, அவருடைய அம்மா, பெரியம்மா எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் ஹெல்மெட்டை நீட்டினேன். நிமிரவும் செய்தேன். அதற்குள் அவர் அவசரமாக அதைத் தலையில் கவிழ்த்துவிட்டார்! நெற்றி மறைந்தது, மூக்கு மறைந்தது. பாதியில் அது இறுகி நின்றது நன்றாகவே தெரிந்தது. வேறு ஊர்க்காரராக இருந்தால் "பத்தவில்லை" என்று கழற்றியிருப்பார். இவர் கொங்குநாட்டு மரியாதையோடு, "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அமுக்கி உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரவில்லை.

அப்பா இழுத்தார். அம்மா தேங்காய் எண்ணெயைக் கழுத்து வழியாக ஊற்றினாள். கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே மனிதர் இருப்பதே தெரியவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய பெரியம்மா எழுந்து வாசலுக்குப் போய், எல்லோரையும் அங்கே கூப்பிட்டார். "பொண்ணு ஊட்டுச் சாமான் தலையப் புடிச்சுட்டு உட மாட்டீங்குது. எனக்கு சகுனம் செரியாப் படலீங்க. பட்டு எடுக்கறத தள்ளிப்போட்டு, ஒருக்கா ரோசனை பண்ணுங்க" என்றது எனக்குக் கேட்டது.

கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். முதல்முறையாகத் தனியாக.

"ஏனுங்க," என்றது ஹெல்மெட், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில். "உங்க ஊட்டுல உங்களக் கேட்டாங்களான்னு எனக்குத் தெரியலீங்க. அதனால நானே கேக்கறேன். என்னய உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?"

என்னை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. கண் நிறைந்துவிட்டது.

"புடிச்சிருக்குதுங்க" என்றேன் மெதுவாக.

"என்னங்க?"

"புடிச்சிருக்குதுங்க."

"கேக்கலீங்க!"

அத்தனை மாதம் டிராயருக்குள் பூட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. "உங்களய ரொம்பப் புடிச்சிருக்குதுங்க! எப்பப் பாப்போம்னு இருக்குதுங்க!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள்.

வாசலில் பேச்சு நின்றது. பிறகு அவருடைய அம்மாவின் குரல் மட்டும்: "பொண்ணே வாயத் தொறந்து சொல்லிப்போட்டா. இதுக்கு மேல என்னங்கக்கா சகுனம் வேணும்? வாங்க, இலையப் போடச் சொல்லுங்க."

அந்தச் சந்தோஷத்தில் அப்பா இழுத்த இழுப்பில் ஹெல்மெட் பொளக்கென்று வந்தது. எண்ணெய் வழிய, காது இரண்டும் தக்காளியாகச் சிவந்து, தலைமுடி நட்டுக்க நின்ற அந்த முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. (ஜவுளிக்கடையில்தான் தடுத்தார்கள். பட்டுக்குப் பக்கத்தில் அவரை விடவே இல்லை.)

அதன்பிறகு கல்யாணம் வரை அவரைப் பார்க்க முடியவில்லை. தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடுவேன், பால்காரராக இருக்கும்.

இத்தனை வருடம் கழித்தும், நான் எதையாவது முணுமுணுத்தால் மாமியார் வீட்டில் யாராவது ஒருவர் "கேக்கலீங்க!" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார், பதிலுக்குக் காத்திருப்பார். கிழங்கு லோடு விஷயமாக வாரக்கணக்கில் வெளியூர் போனால் சாயங்காலம் போன் செய்வார். "எப்ப வாரீங்க? ஊடு ஊடாவே இல்லீங்க" என்பேன். லைன் சுத்தமாக இருக்கும். இருந்தும், "என்னங்க? கேக்கலீங்க" என்பார்.

நான் பக்கத்து வீட்டு ஜன்னல் மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். திறந்திருந்தாலும் கத்துவேன்.